ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் விடாத சத்தம்: வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், மாதவரம் பக்கம் போர்ஷே பாக்ஸ்டர், பி.எம்.டபிள்யூ. இசட் 4, ஆடி டிடி என்று வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள். கார் பத்து வயதைத் தாண்டியிருக்கும். இன்ஜின் நன்றாக இருக்கும், பெயின்ட் பளபளக்கும், ஆனால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் அடியில், சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பக்கம், சத்தம் ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

லிங்க் ராடு (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி), லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை), ஷாக் (குலுக்கலை அடக்குவது) எல்லாம் மாற்றியாச்சு. சத்தம் மட்டும் போகவில்லை. ஏன்?

சத்தம் பிறக்கிற இடம் வேறு, காதில் விழுகிற இடம் வேறு என்பதால்தான். இந்தக் கார்களில் ஆர்ம்கள் பெரும்பாலும் அலுமினியம். சப்ஃபிரேம் (ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்) பலவற்றில் நேராக பாடியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். வலது முன்சக்கரத்தில் பிறந்த ஒரு தட்டல், டிரைவர் சீட்டுக்கு அடியில் கேட்கும். பின்பக்க ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மவுண்டின் சத்தம் கதவுக்குள் கேட்கும். காதை நம்பி பார்ட்ஸ் ஆர்டர் செய்தால் பர்ஸ் காலியாகும், சத்தம் அப்படியே இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு: மாற்றிய பார்ட் சரிதான், பொருத்திய விதம் தப்பு. இதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது. அதுவரை அடுத்த பார்ட்டுக்கு ஆர்டர் போடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் சத்தத்தை எப்படிச் சொல்வது?

"முன்னாடி ஏதோ சத்தம் வருது" என்று சொன்னால் அவரும் லிங்க் ராடிலிருந்துதான் ஆரம்பிப்பார். சத்தத்தின் குணத்தையும், அது எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் லொட லொட என்று கேட்டால் பெரும்பாலும் லிங்க் ராடு, அல்லது காலிபருக்குள் (பேடை அழுத்தும் பகுதி) ஆடும் பிரேக் பேட். பிரேக் மிதிக்கும்போதும், ரிவர்ஸிலிருந்து முன்னால் எடுக்கும்போதும் 'டங்க்' என்று ஒரே ஒரு அடி கேட்டால் லோயர் ஆர்ம் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் உருளை), சப்ஃபிரேம் போல்ட், இன்ஜின் மவுண்ட் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். ஸ்பீட் பிரேக்கரில் மெல்ல ஏறும்போது பழைய கட்டில் மாதிரி கிறீச்சிட்டால் காய்ந்துபோன ரப்பர் புஷ்ஷோ கிரீஸ் வற்றிய பால் ஜாயிண்டோதான் (எல்லாப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு). பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மட்டும் ஒரு கனமான 'டொக்' வந்தால் ஷாக்கின் மேல் நட்டு தளர்ந்திருக்கலாம், ஷாக்கே உள்ளே தேய்ந்தும் இருக்கலாம். வேகம் கூடக் கூட ஏறுகிற 'ஊ...' என்ற ஒலி சஸ்பென்ஷனே இல்லை. அது வீல் பேரிங் அல்லது டயர். ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் அசைத்து எடையை மாற்றும்போது அந்த ஒலி மாறினால் பேரிங். முழுக்கத் திருப்பி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது 'டிக் டிக் டிக்' என்றால் சி.வி. ஜாயிண்ட், அதாவது இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் மூட்டு. பின்சக்கரம் ஓட்டும் கார்களில் முன்பக்கம் சி.வி. ஜாயிண்டே கிடையாது. முன்னால் அப்படிக் கேட்டால் வேறு இடத்தில் தேடுங்கள்.

காலையில் முதல் பத்து நிமிஷம் மட்டுமா, வெயிலில் நின்ற பிறகா, மழையிலா, பெட்ரோல் டேங்க் நிறைந்திருக்கும்போதா என்பதையும் குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு ஒரு ஸ்கேனரை விட அதிகம் பயன்படும். ஸ்கேனருக்குப் புஷ் தேய்ந்தது தெரியாது.

எந்த ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது?

இந்த விஷயத்தில் வடசென்னைக்குக் குறையே இல்லை. பேவர் பிளாக் பதித்த தெருவில் முதல் கியரில் உருட்டினால் லிங்க் ராடும் பிரேக் பேடும் தங்களைக் காட்டிக்கொடுக்கும். ரயில்வே கேட் ஒன்றில் தண்டவாளத்தை மெதுவாகக் கடந்தால் சக்கரம் ஏறி இறங்கும் 'டொக்' தெரியும். ஸ்பீட் பிரேக்கரைச் சாய்வாக ஏறினால் பாடி முறுக்கிக்கொள்ளும். அப்போது மட்டும் கிறீச்சிட்டால், பாதி நேரம் கதவு ரப்பரும் கன்வெர்டிபிள் கூரையின் கொக்கியும்தான் காரணம், சஸ்பென்ஷன் இல்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் உழுத பள்ளத்தில் எந்தக் காரும் சத்தம் போடும். அங்கே கேட்டதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ஏ.சி., பாட்டு இரண்டையும் நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, நீளமான காம்பவுண்ட் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். இடது பக்கமா வலது பக்கமா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். எந்த ரோட்டைத் தேர்ந்தெடுத்தாலும் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே ரோட்டில், அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். ரோடு மாறினால் ஒப்பிட முடியாது.

காரைத் தூக்குவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு, செலவே இல்லாதது. டிக்கியை முழுக்கக் காலி செய்யுங்கள். ஜாக்கி, டூல் பை, டோ ஹூக், பஞ்சர் கம்ப்ரசர் எல்லாம் வெளியே வரட்டும். பாக்ஸ்டர் மாதிரி முன்னாலும் பின்னாலும் டிக்கி உள்ள காரில் இரண்டையும். நம்பர் பிளேட், காலி சீட்டின் பெல்ட் கொக்கி, கையுறைப் பெட்டி இவற்றையும் கையால் தட்டிப் பாருங்கள்.

அடுத்தது பிரேக் சோதனை. சத்தம் வருகிற தெருவில், கார் நிற்காத அளவுக்குப் பிரேக்கில் லேசாகக் காலை வைத்தபடி உருட்டுங்கள். சத்தம் சட்டென நின்றால், ஆடுவது பிரேக் பேட். பேடைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் கிளிப் விழுந்திருக்கும், அல்லது பேட் மாற்றியவர் போடாமல் விட்டிருப்பார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்காக வேறு பேட் போட்டுவிட்டு அப்படியே ஊருக்குள் ஓட்டுபவர்களிடம் இது சகஜம்.

லிங்க் ராடுதான் என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது எப்படி?

இரண்டு பக்க லிங்க் ராடுகளையும் ஸ்டெபிலைசர் பாரிலிருந்து கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் போதாது. தொங்கும் முனைகள் எதிலும் இடிக்காமல் கட்டி வைத்துவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று போங்கள். சத்தம் போய்விட்டால் லிங்க் ராடு, பார் புஷ் இரண்டில் ஒன்று. போகவில்லை என்றால் அந்த இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். கழற்றிய நிலையில் கார் வளைவில் அதிகம் சாயும், அதனால் மெயின் ரோட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் நேராக ஷாக் மாற்றச் சொல்லும் பட்டறையிலிருந்து மரியாதையாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தை ஆட்டி, எல்லாம் பார்த்தோம். எதிலும் ஆட்டம் இல்லை என்கிறார்கள்.

இரண்டு தூண் லிஃப்டில் சக்கரங்கள் தொங்கும். தரையில் நிற்கும்போது வருகிற எடை ஜாயிண்டுகளில் விழாது.  தேய்ந்ததுகூடப் புதுசு மாதிரி கைக்குத் தெரியலாம். ஆகவே சக்கரம் தரையில் நிற்கிறபடி, பிட்டிலோ நான்கு தூண் லிஃப்டிலோ பாருங்கள். ஒருவர் மேலே நின்று பாடியை அழுத்தி விடட்டும். இன்னொருவர் கீழே ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரலை வைத்து உணரட்டும். தேய்ந்த ஜாயிண்டில் அந்தத் தட்டல் விரலுக்கே தெரியும். காது ஏமாந்தாலும் விரல் ஏமாறுவது குறைவு.

புஷ்ஷைப் பார்க்கக் கடப்பாரை போன்ற நீளமான நெம்புகோல் வேண்டும், மென்மையாக நெம்ப வேண்டும். ரப்பர் புஷ் ஓரளவு அசைவது இயல்பு. இரும்பு இரும்பில் இடிப்பதும், ரப்பரில் ஆழமான கிழிசல் தெரிவதும்தான் கோளாறு. பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் முன்பக்க ஆர்மின் புஷ்ஷுக்குள் திரவம் நிரம்பியிருக்கும். அதைச் சுற்றி ஈரமான கறுப்புக் கறை இருந்தால் மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

இதற்கும் பிடிபடாத சத்தத்துக்கு, கிளிப் போட்டு மாட்டும் மைக்குகள் கிடைக்கின்றன. நான்கைந்து இடத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டியபடியே ஒவ்வொன்றாகக் கேட்கலாம். மைக் இல்லாவிட்டால் ஒரு சின்ன ஆக்‌ஷன் கேமராவைச் சக்கர வளைவுக்குள் விளக்கோடு கட்டிவிடலாம். சக்கரத்திலும் பெல்ட்டிலும் சிக்காதபடி கட்டுவது முக்கியம். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் யாரும் போகக்கூடாது, ஸ்டாண்டு வைத்த பிறகுதான்.

புது லோயர் ஆர்ம் போட்டேன். சில மாதத்திலேயே அதே இடத்தில் மறுபடி கிறீச். டூப்ளிகேட் பார்ட்டா?

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினார்கள்?

ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு உறை, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. கார் லிஃப்டில் தொங்கும்போது, ஆர்ம் அடிமட்டத்தில் இருக்க, அப்படியே இறுக்கினால் அதுதான் ரப்பரின் ஓய்வு நிலை ஆகிவிடும். காரைக் கீழே இறக்கியதும், ஒரு மீட்டர்கூட ஓடாமலே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும். நாள் முழுக்க, நிறுத்தி வைத்திருக்கும்போதும்கூட. பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுக்கும், பிறகு கிழியும். காரின் உயரமும் ஒரு பக்கம் லேசாகத் தூக்கி நிற்கும்.

சரியான முறை: போல்ட்டுகளைக் கையால் பொருத்தி, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, அல்லது ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) அடியில் ஜாக்கி வைத்து வழக்கமான உயரத்துக்குத் தூக்கிய பிறகு, டார்க் ரென்ச்சால் அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பட்டறைகளில் மட்டுமில்லை, பெரிய சர்வீஸ் சென்டர்களிலும் உண்டு. பக்கத்தில் நின்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

987 தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர், கேமேன் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நான்கு மூலையிலும் ஸ்ட்ரட்தான். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே குறுக்காக ஒரு ஆர்ம், சாய்வாக ஒரு ஆர்ம். நம் ஊர் ரோட்டில் இரண்டுமே சீக்கிரம் தேயும், விலையும் கொஞ்சநஞ்சம் இல்லை. சந்தேகம் இருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, சரியான உயரத்தில் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ரப்பர் இன்னும் கிழியவில்லை என்றால் அதிலேயே சத்தம் நின்றுவிடும்.

லேத்தில் நைலான் புஷ் கடைந்து தருகிறோம் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். நைலான் முறுக்காது, அமுங்காது. ரப்பர் வாங்கிக்கொண்ட அடியை ஆர்மும் சப்ஃபிரேமும் வாங்கும். சில நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் ஓட்டை பெரிதாகி 'டக் டக்' ஆரம்பிக்கும். பழைய புஷ்ஷைக் கழற்றிப் புது ரப்பர் புஷ்ஷை நேராக அழுத்திப் பொருத்துவதற்கு நம் பகுதி லேத் பட்டறைகளை விட நல்ல கை எங்கும் கிடைக்காது. அதற்குப் போங்கள், கடைவதற்குப் போகாதீர்கள்.

பாலியூரித்தேன் புஷ் வேறு கதை. அது ஸ்டீயரிங்கைக் கூர்மையாக்கும், ஆனால் அதோடு வரும் கிரீஸ் போடாவிட்டால், போட்டதும் காய்ந்துவிட்டால், கத்தும். தினமும் ஊருக்குள் ஓட்டும் காருக்கு ரப்பரே நல்லது என்பது என் கருத்து.

மழை பெய்தால் சத்தம் போய்விடுகிறது, வெயில் அடித்தால் திரும்பி வருகிறது.

நல்ல துப்பு இது. தண்ணீர் வழுக்கல் தருகிறது என்றால், காய்ந்த ரப்பர் எங்கோ உரசுகிறது. பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ். ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து ஒரு நேரத்தில் ஒரு புஷ்ஷில் மட்டும் ஊற்றி, காரை அழுத்தி ஆட்டிப் பாருங்கள். எதில் ஊற்றியபோது சத்தம் நின்றதோ அதுவே ஆள். சிலிக்கான் கிரீஸ் பூசினால் கொஞ்ச காலம் ஓடும், புஷ் மாற்றினால் நிரந்தரம்.

வாட்டர் சர்வீஸில் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துவிடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அன்றைக்குச் சத்தம் நிற்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பிக் கூழாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கம் கசிந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் நின்ற காரை இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால், புஷ்களையும் பால் ஜாயிண்ட் உறைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்து அமுங்கினால் விலையில் அதைக் குறைத்துக் கேளுங்கள்.

கார் நிற்கும்போது ஸ்டீயரிங் திருப்பினால் 'டொய்ங்' என்கிறது.

ஸ்ட்ரட் மேல் மவுண்டில் உள்ள பேரிங் இறுகிவிட்டது. ஸ்பிரிங் சுழல முடியாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபடும்போது அந்த ஒலி. ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கைத் தொட்டால் அது குதிப்பது கையில் தெரியும். மவுண்டும் பேரிங்கும் சேர்த்து மாற்றுங்கள்.

கடலோரத்தில் வீடு. உப்புக் காற்றால் சஸ்பென்ஷன் கெடுமா?

கெடும். காசிமேடு, திருவொற்றியூர்க் கடற்கரைப் பக்கம் நிறுத்தும் கார்களில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைக் கட்டாயம் பாருங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து, அந்த முனை ஒடிந்து கப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து தெரியாது. கார் கொஞ்சம் சாய்ந்து நிற்பதும், பள்ளத்தில் ஒரு கணீர் சத்தமும்தான் அடையாளம். இரும்புப் போல்ட்டும் அலுமினிய ஆர்மும் சேருமிடத்தில் உப்பு வேலையைக் காட்டிவிடும். கழற்றும்போது போல்ட் உள்ளேயே சுற்றினால் சுத்தியலைத் தூக்காமல், துரு நீக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்து வையுங்கள்.

காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்ட பிறகு சத்தம் அதிகமாகிவிட்டது. குறையுமா?

முழுக்கக் குறையாது. மேல் மவுண்டில் ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை ஜாயிண்ட் உள்ள செட் என்றால் தட்டல் இருக்கத்தான் செய்யும். டிராக்குக்காகச் செய்யப்பட்டது அது. ஆனால் பூட்டு வளையங்கள் தளர்ந்திருக்கின்றனவா, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறுகிறதா, மேல் நட்டு சரியான அளவுக்கு இறுகியிருக்கிறதா என்று பார்த்தால் பாதிச் சத்தம் போகும். தாழ்த்தியதை ஒரு விரலளவு உயர்த்தினால் மீதியில் கொஞ்சம் போகும். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கும் அது நல்லது.

"இந்த மாடலுக்கு இப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்கள். உண்மையா?

சில சத்தங்களுக்கு உண்மை. மெல்லிய பக்கச்சுவர் டயர் மேம்பால இணைப்புகளில் அடிப்பது, சக்கர வளைவில் கல் தெறிப்பது, கிளம்பியதும் ஏ.பி.எஸ். தன்னைச் சோதித்துக்கொள்ளும் சின்ன 'டக்' ஆகியவை இயல்பு. ஒரு பக்கம் மட்டும் வரும் சத்தம் எந்த மாடலுக்கும் இயல்பு இல்லை. போன மாதம் இல்லாமல் இந்த மாதம் வந்ததும் அப்படியே. முடிந்தால் அதே மாடல் இன்னொரு காரில் அதே தெருவில் உட்கார்ந்து வாருங்கள், வாதமே தேவைப்படாது.

புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் ஆர்ம் வாங்கலாமா?

நக்கிள் (ஹப்பைத் தாங்கும் பாகம்), சப்ஃபிரேம் போன்ற வெறும் உலோகப் பாகம் என்றால், வளைவோ விரிசலோ இல்லாமல் பார்த்து வாங்கலாம். ரப்பரோ பால் ஜாயிண்டோ உள்ள எதையும் பழசாக வாங்காதீர்கள். உங்கள் காரின் வயதுதான் அதற்கும். லிங்க் ராடு மாதிரி விலை குறைந்ததை ஜோடியாக மாற்றுங்கள். விலை உயர்ந்த ஆர்மில், மறுபக்கம் சோதனையில் தேறினால் அவசரப்பட வேண்டாம்.

சத்தத்தோடு எவ்வளவு நாள் ஓட்டலாம்?

லிங்க் ராடு, பார் புஷ், காய்ந்த ரப்பர் என்றால் அடுத்த சர்வீஸ் வரை தாங்கும், மெதுவாகப் போனால் போதும். பால் ஜாயிண்டில் ஆட்டம், ஒடிந்த ஸ்பிரிங், ரேக் எண்டில் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) ஆட்டம், சக்கரப் போல்ட் தளர்வு இவற்றில் ஒன்று என்றால் பட்டறைக்கே வண்டியை ஏற்றி அனுப்புங்கள். சக்கரம் மாற்றிய மறுநாள் புதிதாகத் தட்டல் கேட்டால் உடனே ஓரம் கட்டி, முதலில் போல்ட்டுகளைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயமா?

ஆர்ம், ரேக் எண்ட், ஸ்ட்ரட், சப்ஃபிரேம் எதைக் கழற்றியிருந்தாலும் கட்டாயம். லிங்க் ராடுக்கும் பார் புஷ்ஷுக்கும் தேவையில்லை. நான்கு சக்கரத்துக்கும் பார்க்கும் இடமாகப் போங்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கட்டும், டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் மறுபடி எதையும் திணிப்பதற்கு முன்னால் போய்விடுங்கள்.